சில்லு மடிந்த பின்னேரம்

கலியாண மண்டப வாசலில்தான் அது நடந்தது. மாப்பிள்ளை பொம்பிளையை இறக்கிவிட்டு, காரை ஒழுங்கைக்குள் திருப்புவதற்காக ஸ்ரியரிங்கை முழுசாக வெட்டி ரிவேர்ஸ் எடுத்தேன். நடந்து போகிறவரின் வேகம்கூட இல்லை. 'டக்' என்று ஒரு சத்தம். காரின் இடது மூலை அப்படியே குந்திவிட்டது, மாடு முன்னங்காலை மடக்கிப் படுக்குமே, அதைப்போல. இறங்கிப் பார்த்தால் முன் சில்லு மட்காட்டுக்குள் சரிந்து கிடக்கிறது. பொனற்றில் கட்டிய மல்லிகை மாலை மட்டும் குலையாமல் இருந்தது.

சுற்றி நின்றவர்கள் சொன்னது ஒன்றுதான்: "பழைய கார், வயது போட்டுது." நானும் அன்றைக்குத் தலையாட்டினேன். இப்போது ஆட்ட மாட்டேன். அது வயதால் உடையவில்லை, என்னால் உடைந்தது.

கார் 1957ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. 948 சிசி எஞ்சின், கதவுத் தூணுக்குள்ளிருந்து கை நீட்டுவதுபோல வெளியே வரும் சிக்னல், சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கத் தகடு. அப்பா இதை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் ஹயருக்கு ஓட்டினவர். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில், கார்பரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓட்டினவர். பின்னால் புகை போர்த்துக்கொண்டு வரும். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரும் சுற்றூர்களும் சேர்ந்த வலிகாமமே சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்டபோது இதற்குள் ஒன்பது பேர், அரிசி மூட்டை, அம்மாவின் தையல் மெசின். செம்மணி வெளியால் ஊர்ந்து ஊர்ந்து நாவற்குழிப் பக்கம் போனோம். அன்றைக்கு மடியாத சில்லு, நான் ஒருத்தன் மட்டும் இருந்த காரில், சீமெந்து போட்ட வாசலில் மடிந்தது.

ஏன் என்று விளங்க, மைனரின் முன்பக்கம் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் இது. முன்பக்கத்தில் சுருள் வில்லும் இல்லை, பட்டை வில்லும் இல்லை. ரோர்ஷன் பார் என்ற நீட்டு இரும்புக் கம்பி ஒவ்வொரு பக்கமும் காரின் நீளவாக்கில் படுத்திருக்கும். சில்லு மேலே எழும்பும்போது அந்தக் கம்பி முறுகும். அதுதான் வில்லு. மேலே இருக்கும், குலுக்கத்தை அடக்கும் லீவர் டம்பரின் கையே மேல்கையாக வேலை செய்யும். கீழே இரண்டு பாதியாகச் செய்த கீழ்க்கை. இரண்டுக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்பதுதான் சில்லைத் தாங்கும் சுவிவல் பின். நம்மூர் மெக்கானிக்மார் கிங் பின் என்றுதான் சொல்லுவார்கள்.

வினை இருப்பது அந்தப் பின்னில்தான். அதன் மேல் நுனியும் கீழ் நுனியும் போல்ற் மாதிரிப் புரி வெட்டியவை. ஒவ்வொரு நுனியிலும் தடித்த நட் மாதிரி ஒரு துண்டு ஏறியிருக்கும். ட்ரனியன் என்பது அதைத்தான். ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது பின் இந்தப் புரிக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். காரின் அந்த மூலைப் பாரம் முழுவதும் கீழ் ட்ரனியனைப் பின்னிலிருந்து கீழ்நோக்கி உருவப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது புரியின் பற்கள் மட்டும். பற்கள் தேய்ந்து கூராகிவிட்டால் ஒருநாள் ட்ரனியன் நழுவிவிடும். முழுசாக வெட்டித் திருப்பும்போது புரியில் வரும் விசை கூட என்பதால், பெரும்பாலும் காரை நிறுத்தும்போது அல்லது திருப்பும்போதுதான் இது நடக்கும். அதை என்னுடைய அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கண்டி வீதியில் நாற்பது மைல் வேகத்தில் நடந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்தப் புரியைக் காப்பாற்றுவது கிறீஸ் ஒன்றுதான். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டுக்கு முன்னமே காருக்கு அடியில் படுத்துவிடுவார். நான் கிறீஸ் அடிக்கும் பம்பை, கிறீஸ் கன்னை, அமத்த வேண்டும். "கறுப்பு வெளியாலை வரட்டும், பிறகு தேன் நிறம் வரும், அப்ப நிப்பாட்டு." அவ்வளவுதான் பாடம். 2012இல் அப்பா போன பிறகு கார் ஐந்தாறு வருசம் கொட்டிலுக்குள் நின்றது. 2018இல் வெளியே எடுத்து, கிறீம் நிறப் பெயின்ற் அடித்து, சிவப்பு சீற் தைத்து, கலியாணங்களுக்கு விடத் தொடங்கினேன்.

அடிப்பாகத்துக்கும் கறுப்புப் பெயின்ற் அடிக்கச் சொன்னது நான்தான். கறல் பிடிக்கக் கூடாதே என்று. பெயின்ற்காரர் வஞ்சகமில்லாமல் எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டார், கிறீஸ் உள்ளே போகும் வாயான நிப்பிளுக்கும் சேர்த்து. நான் அதற்கு மேல் இரண்டு மூன்று தடவை கிறீஸ் அடித்தேன். கன்னை அமத்த அமத்த கிறீஸ் நிப்பிளைச் சுற்றி வழிந்தது. உள்ளே நிறைந்துதான் வழிகிறது என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டேன். ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. ஸ்ரியரிங் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரமாகிக்கொண்டு வந்தபோதும் ரயருக்குக் காற்றுக் காணாது என்றுதான் நினைத்தேன். காய்ந்த புரி அப்படித்தான் பேசும் என்று அப்போது தெரியவில்லை.

சில்லு மடிந்த மறுநாளே பின்னையும் ட்ரனியனையும் கழற்றி ஒரு கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தேய்ந்த புரிக்கு மேல் வெல்டிங் நிரப்பி, லேத்தில் புதுப் புரி வெட்டித் தந்தார்கள். ஒரே நாள் வேலை, கூலியும் குறைவு. சாமான் பளபளவென்று இருந்தது. சந்தோசமாக அதைக் கையில் ஏந்திக்கொண்டு, அப்பாவின் காரைப் பார்த்து வந்த பழைய மெக்கானிக் அண்ணையிடம் போனேன். எழுபது வயது தாண்டியவர். கராஜ் மூடிவிட்டார், வீட்டு மாமரத்துக்குக் கீழே மட்டும் வேலை.

அவர் பின்னை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ரின்னில் மண்ணெண்ணெய் விட்டு அதற்குள் போட்டார். தேத்தண்ணி வந்தது, குடித்தோம். வெளியே எடுத்துத் துணியால் ஈரம் போகத் துடைத்தார். பேத்தியின் கொப்பிப் பையிலிருந்து ஒரு வெண்கட்டி எடுத்து, புரி முடிகிற இடத்தில் வெள்ளையாகப் பூசினார். பிறகு வெயிலில் வைத்தார்.

"இப்ப பாரும் தம்பி."

வெள்ளைக்கு மேல் தலைமயிர் மாதிரி ஒரு கோடு மெல்ல ஊறி வந்தது. வெல்டிங் முடிந்து பழைய இரும்பு தொடங்கும் இடத்தில், பாதி வட்டம். வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெண்கட்டியில் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது.

"வெல்டிங் சூட்டிலை அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிப் போச்சு. பழையது தேய்ஞ்சுதான் கழண்டது. இது சொல்லாமல் கொள்ளாமல் முறியும். இதைப் போட்டு பொம்பிளை மாப்பிள்ளையை ஏத்தப் போறீரோ?"

ஸ்ரியரிங்கில், பிறேக்கில், சில்லைத் தாங்கும் எதிலும் வெல்டிங் நிரப்பிப் புரி வெட்டிய சாமானைப் போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். வேறு இடத்தில் லேத் வேலை தெய்வம்தான், கதவுப் பிணைச்சலுக்கோ கொடிப் பிடிக்கோ குறை சொல்ல மாட்டேன். அந்த மண்ணெண்ணெய் வெண்கட்டிச் சோதனையை மட்டும் நீங்கள் எங்கே இருந்தாலும் செய்து பாருங்கள், செலவே இல்லை. பழைய சாமான் வாங்கும்போது கடை வாசலிலேயே செய்யலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

சாமான் தேடி கொழும்புக்குப் போனேன். பழைய வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில், ஸ்ரியரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பியின் மூட்டான ட்ராக் றொட் எண்ட் புதிதாகவே கிடைத்தது, ரோர்ஷன் பாரின் முன்பக்கத்தில் கீழ்க்கையைப் பிடிக்கும் றப்பரான ஐபோல்ற் புஷ்ஷும் கிடைத்தது. சுவிவல் பின் மட்டும் பாவித்ததுதான் இருந்தது, எல்லாமே என்னுடையதின் அண்ணன் தம்பி. 1990களில் இந்த நாட்டிலேயே மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ணினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது நான் இங்கிலாந்திலிருந்து இரும்பு எடுப்பிக்கிறேன். லண்டனில் இருக்கும் மச்சான் இரண்டு பக்கத்துக்கும் மீள்சீரமைத்த பின்களை, புது ட்ரனியன்களோடு, உடுப்புப் பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அங்கே பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் விலை குறைவு. நான் பழையது கொடுக்காததால் மேலதிகக் காசு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். இது என்ன என்று கேட்டதற்கு "காரின்ரை முழங்கால்" என்றாராம். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்களாம்.

ஒரு பக்கம்தானே போனது, மற்றப் பக்கத்தை ஏன் கழற்ற வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அண்ணை அதற்கும் வழி காட்டினார். ஜக்கை வலது கீழ்க்கைக்கு அடியில், முடிந்தவரை சில்லுக்குக் கிட்ட வைத்துச் சில்லு நிலத்தை விட்டு எழும்புமட்டும் தூக்கச் சொன்னார். இப்போது பாரம் ஜக்கில், பின்னின் புரி விடுதலை. ரயருக்கு அடியில் ஒரு அலவாங்கைக் கொடுத்து மேலே நெம்பினார், நான் கீழ் ட்ரனியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் ட்ரனியனுக்குள்ளிருந்து மேலே எழும்பி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. றப்பர் புஷ் அமுங்குவது வேறு, அது மெத்தென்று வரும். இது 'கிளிக்' என்று வந்தது. பிறகு சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இருந்தது. என்னைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பிறேக் பிடித்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் பெயரிங்கைக் குறை சொல்ல வேண்டாம், பின்னைப் பார் என்றார். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் வருவது ட்ராக் றொட் எண்ட் அல்லது ஸ்ரியரிங் திருப்பத்தைச் சில்லுக்குக் கொண்டுபோகும் பற்சட்டமான ஸ்ரியரிங் றாக். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிசம் காணும். நான் ஒரு வருசமாகச் செய்யவில்லை.

கழற்றுகிற வேலையில் பாதி, கறலோடு மல்லுக்கட்டுவது. மூன்று நாள் முன்னரே மண்ணெண்ணெய்யும் எஞ்சின் ஒயிலும் கலந்து எல்லா நட்டுக்கும் விட்டு வைத்தோம். ஸ்பனர் விசயத்தில் ஒன்று: இந்தக் கார் அங்குல அளவு. முக்கால் அங்குலத்துக்கு 19 மில்லி அச்சொட்டாகப் பிடிக்கும், 5/8க்கு 16 மில்லி பிடிக்கும். ஆனால் 9/16க்கு 14 நுழையாது, 15 வழுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும். நான் ஒரு நட்டைத் தின்ன வைத்த பிறகுதான் அண்ணை தன்னுடைய அங்குல ஸ்பனர்ப் பெட்டியைத் திறந்தார். அதுவரை வேண்டுமென்றே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ட்ராக் றொட் எண்டைக் கழற்றச் சுத்தியலால் புரி நுனியில் அடிப்பதுதான் எல்லோரும் செய்வது, நானும் அதற்குத்தான் ஓங்கினேன். அண்ணை கையைப் பிடித்தார். ஸ்ரியரிங் ஆமின் கண்ணுக்கு ஒரு பக்கம் பெரிய சுத்தியலை அணைத்து வைத்து, எதிர்ப்பக்கம் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு, இரண்டு தட்டு. மூன்றாவதில் தானாக விழுந்தது. புரியில் ஒரு கீறல் இல்லை. பழைய எண்டை வெளியே திருகும்போது எத்தனை சுற்று என்று எண்ணி மட்காட்டில் வெண்கட்டியால் எழுதினோம். புதியதை அதே சுற்றுக்குத் திருகினால் சில்லின் நேர் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடும், கராஜ் வரைக்கும் காரை ஓட்டிப்போகலாம்.

ஆபத்தான இடம் கீழ்க்கை. ரோர்ஷன் பார் முறுகிய நிலையில் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. காரை ஸ்ராண்டில் நிறுத்தி, சில்லைக் கழற்றி, கீழ்க்கைக்கு அடியில் இன்னொரு ஜக் கொடுத்துத் தாங்கிய பிறகுதான் மேல் ட்ரனியனின் பின்னில் கை வைக்க வேண்டும். எல்லாம் கழன்ற பிறகு ஜக்கை மெதுவாக இறக்கினால் கை தானாகத் தொங்கி, கம்பி முறுக்கு விட்டுவிடும். அந்த நேரம் காலை அதற்குக் கீழே வைக்கக் கூடாது. அண்ணையின் இடது கால் பெருவிரலில் நகம் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்னொன்று, பிறேக் பிளேற்றைக் கழற்றினால் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள், பிறேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். ரோர்ஷன் பாரைக் கழற்ற வேண்டி வந்தால் இடது வலது மாறாமல் குறி போட்டு வையுங்கள், ஒரு பக்கம் முறுகிப் பழகிய கம்பியை மறுபக்கம் போட்டால் முறிந்துவிடும்.

பூட்டும்போது நான் இரண்டு பிழை விட்டேன். முதலாவது, இடது ட்ரனியனை வலது பின்னில் திருகப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு வலப்புரி, மறுபக்கத்துக்கு இடப்புரி. அரைச் சுற்று ஏறி இறுகிவிட்டது, இன்னும் கொஞ்சம் பலத்தைக் கொடுத்திருந்தால் லண்டன் காசு மண். சரியானதைப் போட்ட பிறகும் முட்டும்வரை திருகிவிட்டு அப்படியே விடக் கூடாது. ஒரு சுற்றுத் திருப்பி வெளியே எடுத்தால்தான் இரண்டு பக்கமும் முழுசாக வெட்டும்போது முட்டாமல் சுழலும்.

இரண்டாவது பிழை அதைவிட அமைதியானது. கார் ஸ்ராண்டில் நிற்கும்போதே, கை தொங்கிய நிலையில், ஐபோல்ற் புஷ் எல்லாவற்றையும் பலமாக இறுக்கிவிட்டேன். வேலை முடிந்தது என்று கை கழுவப் போனேன். அண்ணை வந்து குந்தியிருந்து பார்த்தார்.

"எல்லாத்தையும் திரும்பத் தளர்த்தும்."

"ஏன் அண்ணை, வடிவா இறுக்கித்தானே இருக்கு?"

"உமக்கு வடிவு. றப்பருக்கு இல்லை. தொங்கேக்கை இறுக்கினால், கார் நிலத்திலை நிக்கிற நேரமெல்லாம் அது முறுகின படிதான் நிக்கும். ஆறு மாசத்திலை கிழிஞ்சு போம்."

நட்டுகளைத் தளர்த்தி, சில்லைப் பூட்டி, காரை நிலத்தில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பொனற்றை இரண்டு தரம் அமத்திவிட்டு, கார் தன் பாரத்தில் குந்திய பிறகு படுத்துக்கொண்டு இறுக்கினேன். முதுகு நோகத்தான் செய்தது. பொலியூரிதேன் புஷ் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று மச்சான் சொன்னார். போட்டவர்கள் பாராட்டுகிறார்கள். எனக்கு வேண்டாம். அது கிறீச்சிடும், குழி எல்லாம் ஸ்ரியரிங்குக்கு வரும். நம்மூர் ஒழுங்கைகளுக்கு றப்பரின் மென்மை வேண்டும்.

நேர் பார்க்கும் மெசினுக்குப் போகாமல் அண்ணை முற்றத்திலேயே பார்த்தார். மைனருக்கு முன் சில்லுகள் 3/32 அங்குலம் உள்நோக்கி இருக்க வேண்டும், ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர். ஒவ்வொரு முன் ரயரின் முன்பக்கத்திலும் அச்சு உயரத்தில் ஒரு வெண்கட்டிப் புள்ளி. இரண்டு புள்ளிக்கும் இடையில் அளந்தோம். பிறகு அந்தப் புள்ளிகள் பின்பக்கம் வருமட்டும் காரை அரைச் சுற்று உருட்டி, அதே புள்ளிகளைத் திரும்ப அளந்தோம். ஒரே புள்ளியை அளப்பதால் றிம் வளைந்திருந்தாலும் கணக்குப் பிழைக்காது. முன்னால் அளந்தது பின்னால் அளந்ததைவிட 3/32 குறைய வேண்டும். இரண்டு பக்க றொட்டையும் சமமாகத் திருகி நாலாவது தடவையில் வந்தது. பிறகு ஒரு கடையில் மெசினில் போட்டுப் பார்த்தேன். அவர்கள் தொட வேண்டிய தேவை இருக்கவில்லை.

நிப்பிள் எல்லாம் புதிது போட்டோம். இப்போது நான் கிறீஸ் அடிக்கும்போதும் ஜக்கைக் கீழ்க்கைக்கு அடியில்தான் வைக்கிறேன். கார் நிலத்தில் நிற்கும்போது புரியின் பாரம் தாங்கும் முகம் இறுகி ஒட்டியிருக்கும், கிறீஸ் அங்கே போகாது. பாரத்தை எடுத்துவிட்டு, ஸ்ரியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பி அமத்த வேண்டும். ஸ்ரியரிங் றாக்குக்கு மட்டும் கிறீஸ் இல்லை, கியர் ஒயில். நான் முன்னர் அதற்குள்ளும் கிறீஸ் அடித்திருக்கிறேன், அதைக் கழுவி எடுக்க ஒரு பகல் போனது.

முதல் ஓட்டம் சாவகச்சேரிக்கு. செம்மணியில் ஸ்ரியரிங்கை ஒரு விரலால் பிடித்துப் பார்த்தேன், கார் கோடு கீறினதுபோல நேரே போனது. மனுசி பக்கத்திலிருந்து, "இரண்டு கையாலையும் பிடியுங்கோ" என்றா. பிடித்தேன்.

வலது லீவர் டம்பர் இன்னும் கசிகிறது. மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, தூசி விழாமல் டம்பர் ஒயில் விட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாதத்துக்கு ஒருக்கால் விட வேண்டியிருக்கிறது, நீண்ட நாளைக்கு இது சரிவராது. மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். பெட்டியில் இடம் இருக்குமோ என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.